தம்பி, முதலில் நடக்கப் பழகுங்கள்

தம்பி, பெர்லினுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, அலுவலகத்துக்கு வெளியே ஒருவரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை, மருத்துவக் காப்பீடு, வரி வகுப்பு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்ப்ரே ஆற்றங்கரையில், போடே அருங்காட்சியகத்துக்கு எதிர்க்கரையில் ஜோடி ஜோடியாக டாங்கோ ஆடுகிறார்களே, நானும் கற்றுக்கொள்ளலாமா, நம்மவர்களுக்கு வருமா, ஊரில் தெரிந்தால் அம்மா என்ன நினைப்பார் என்று. வாடகைக்கும் வரிக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

நான் வந்து இறங்கியது 2005 நவம்பரில். பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். நான் குடியிருந்த பழைய வீட்டில் கரி அடுப்புதான். நிலவறையிலிருந்து நான்கு மாடிக்குக் கரிக்கட்டி சுமக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. பிப்ரவரியில் ஒருநாள் பல் மருத்துவர் என் தாடையைத் தாங்கிப் பிடித்தபோது கண்ணில் நீர் முட்டிவிட்டது. வலிக்கிறது என்று நினைத்து அவர் கையை எடுத்துக்கொண்டார். கைகுலுக்கல் தவிர ஒரு மனிதக் கை என்மேல் பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வாரம்தான் ஆய்வகத் தோழி ஒருத்தி என்னை டாங்கோ வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆகவே, உங்கள் கேள்வி வேடிக்கைக்குக் கேட்டதில்லை என்று எனக்குத் தெரிகிறது.

வருமா என்றால், வரும். ஆனால் நடக்கக் கற்ற பிறகுதான் வரும். கும்பகோணத்தில் எட்டு வருடம் பரதம் பயின்றவள் நான். அரைமண்டியில் உட்கார்ந்து பாதத்தை ஓங்கித் தட்டிப் பழகிய கால். இங்கே பாதம் தரையை வருடிக்கொண்டு போக வேண்டும். உடலின் பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கிய பிறகுதான் அடுத்த கால் புறப்பட வேண்டும். எனக்குச் சொல்லித்தந்தவர் அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரெஸைச் சேர்ந்த வயதான அம்மையார். என் நெஞ்செலும்பில் இரண்டு விரலை வைத்து, "இங்கிருந்து நட" என்பார். ஆறு வாரம் அது மட்டும்தான். அவர் ஊருக்குத் திரும்பிய பின் வேறொரு பள்ளியில் சேர்ந்து ஒரு வருடத்தை வீணாக்கினேன். வாரம் ஒரு புதுச் சுழற்சி, புதுக் கொக்கி, புது உதை என்று விற்றுக்கொண்டே இருந்தார்கள். நடையை ஒருவரும் திருத்தவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் கற்றவர்கள் நெரிசலான தளத்தில் காலை வீசுவார்கள். என் வலது கணுக்காலில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். நடையைச் சொல்லித்தராத வகுப்பில் பணத்தைக் கட்டாதீர்கள். ரப்பர் அடிக்காலணியும் வேண்டாம். பாதம் திரும்பாது, முட்டி திருகிக்கொள்ளும். தோல் அடி போட்ட பழைய காலணி போதும்.

ஆறு மாதம் கழித்து மிலோங்காவுக்குப் போங்கள். ஆட்டம் நடக்கும் மாலைக்கு அதுதான் பெயர். பாட்டுகள் மூன்று அல்லது நான்காகச் சேர்ந்து வரும்; அந்தத் தொகுப்பு டாண்டா. இடையில் சம்பந்தமில்லாத இசைத் துண்டு ஒன்று ஒலிக்கும், தளம் காலியாகும். ஒருவருடன் ஆடத் தொடங்கினால் அந்த டாண்டா முடியும்வரை ஆடுவது மரியாதை. முதல் பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிடாதீர்கள்! நடுவில் சொல்லும் நன்றிக்கு, "உன்னோடு போதும்" என்று பொருள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் மாலையில், வளர்த்த வளர்ப்புக்கு ஏற்ப, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஜெர்மனில் "டாங்கே", அதாவது நன்றி, என்றேன். ஒருவர் முகம் வாடி என்னை நாற்காலியில் கொண்டுவந்து விட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாமவரும். என் நிறத்துக்காகத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்து, கால்வாய் ஓரமாக அழுதுகொண்டே வீடு திரும்பினேன். காரணம் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று.

ஆண்பிள்ளை என்பதால் உங்களுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் மேசைமுன் போய்க் கையை நீட்டாதீர்கள். தூரத்திலிருந்து பாருங்கள். அவளும் பார்த்தால் லேசாகத் தலையசையுங்கள். அவள் தலையசைத்தால் எழுந்து போங்கள். பார்வையைத் திருப்பிக்கொண்டால் அதோடு விட்டுவிடுங்கள். கபெசெயோ என்கிற இந்த வழக்கத்தில் கேட்பவருக்கும் அவமானம் இல்லை, மறுப்பவருக்கும் சங்கடம் இல்லை. கண்ணைத் தாழ்த்தியே வளர்ந்த எனக்கு இது கைவர ஒரு கோடைக்காலம் பிடித்தது. ஆனால் அப்படி அழைப்பதற்கும் முறைத்துப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நம்மூர்ப் பையன்கள் நான்கைந்து பேர் பியர் புட்டியுடன் சுவரோரம் நின்று, ஆடும் பெண்களைக் கைப்பேசியில் படம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நேராகப் போய்த் தமிழிலேயே திட்டியும் இருக்கிறேன். அந்தக் கூட்டத்தோடு வராதீர்கள். காதலி தேடியும் வராதீர்கள். நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் சமநிலையையே ஒருத்தி உங்களிடம் ஒப்படைக்கிறாள். உங்கள் கையில் வேறு எண்ணம் இருந்தால் மூன்றாவது அடியில் தெரிந்துவிடும். அன்று இரவே எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிடும்.

சமைக்கும்போது மேல்கோட்டை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். தாளித்த வாசனை கம்பளியில் ஒரு வாரம் தங்கும். மாற்றுச் சட்டை ஒன்றும் எடுத்துப் போங்கள்.

இருபது வருடமாக இங்கே இருந்தும் ஒரு ஜெர்மானியர் வீட்டு வாசல்படி மிதிக்காத நம்மவர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்குக் கூடி, வீட்டு விலையை ஒப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். "அந்நியர்களைக் கட்டிக்கொண்டு ஆடுகிறாயாமே" என்று என்னிடம் கேட்டவர்கள் அவர்கள்தான். இந்த ஆட்டமே ஊரைவிட்டு வந்தவர்களின் ஆட்டம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலேறியவர்களும், அங்கே முன்பே இருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரும் புவனோஸ் அய்ரெஸிலும் உருகுவேயின் மொண்டெவிடேயோவிலும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் பிறந்தது அது. அதன் உயிரான பண்டோனியன் என்ற இசைக்கருவியோ இந்த ஜெர்மனியிலிருந்து போனது. 1840களில் கிரேஃபெல்டில் ஹைன்ரிஷ் பாண்ட் என்பவர் விற்ற துருத்திப் பெட்டி அது. பின்னாளில் சாக்சனியின் கார்ல்ஸ்ஃபெல்ட் என்ற சிற்றூரில் ஆல்ஃபிரட் ஆர்னோல்ட் பட்டறை செய்து அனுப்பியவற்றை அர்ஜென்டினக் கலைஞர்கள் இன்றும் பொக்கிஷமாகக் காக்கிறார்கள். 1913இல் சீருடையில் இருக்கும் அதிகாரிகள் டாங்கோ ஆடக்கூடாது என்று இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் தடை போட்டார். அதே வருடம் பெர்லினில் திறந்த கிளேர்ஷன்ஸ் பால்ஹவுஸ் என்ற ஆடலரங்கம் அவுகுஸ்ட் தெருவில் இன்றும் நிற்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காதுக்கும் பயிற்சி கொடுங்கள். பழைய டாங்கோ இசைக்குழுத் தலைவர்களின் பாட்டுகளைக் கேளுங்கள். நடைக்குக் கார்லோஸ் டி சார்லி. ஆதி தாளம் போட்ட கைக்கு உடனே பிடிபடுவார். துள்ளலுக்கு ஹுவான் தாரியென்சோ. டிரோய்லோவும் புக்லியேசேயும் இரண்டாம் வருடத்துக்கு. கடைசியில் லா கும்பர்சீத்தா என்ற பாட்டு ஒலித்தால் மாலை முடிந்தது என்று அர்த்தம்.

அம்மா என்ன நினைப்பார் என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஆறு வருடத்துக்கு மேல் மறைத்தேன். 2012 கோடையில் என் அம்மா வந்தபோது, இனி மறைக்க முடியாது என்று ஆற்றங்கரைக்கே கூட்டிப்போய், புடவைக்கு மேல் கம்பளிச் சால்வை போர்த்தி, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தளத்தில் இறங்கினேன். இரண்டு டாண்டா ஆடினேன். ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பத் துணிவில்லை. வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது அவர் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தளத்தைப் பார்த்தபடியே, "அந்த மஞ்சள் சட்டைக்காரர் தாளத்தை விடுகிறார், அவரோடு ஆடாதே" என்றார்.