கிருமியற்ற எலியும் கிருமியற்ற உலகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நுண்ணுயிர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். "நுண்ணுயிர்கள் இல்லையென்றால் எந்த உயிரும் ஒருநாள்கூடத் தாங்காது" என்று அதில் எழுதியிருந்தீர்கள். ஆனால் உடலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாத எலிகளை ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அவை உண்கின்றன, உறங்குகின்றன, குட்டி போடுகின்றன. அப்படியிருக்க, நுண்ணுயிர்கள் இன்றியமையாதவை என்பது மிகைதானே? போகட்டும், நோய் தருபவற்றை மட்டுமாவது அடியோடு ஒழித்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? விதண்டாவாதமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
மா.

அன்புள்ள மா.,

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். 'ஒருநாள்கூட' என்று நான் எழுதியது பிழை. என்னைவிட மிகப் பெரியவர் ஒருவரும் ஏறத்தாழ இதே இடத்தில் சறுக்கியிருக்கிறார் என்பது எனக்கொரு சின்ன ஆறுதல். நுண்ணுயிர் அறவே கலவாத உணவை மட்டும் கொடுத்து ஒரு விலங்கை வளர்த்தால் அது உயிர் வாழாது என்பதே தம் எண்ணம் என்று 1885இல் லூயி பாஸ்தர் கூறினார். பத்தே ஆண்டுகளில் பெர்லினில் நட்டல், தீர்ஃபெல்டர் என்ற இருவர், தாயின் வயிற்றைக் கீறி எடுத்த கினிப்பன்றிக் குட்டியைக் கிருமி நீக்கிய பெட்டிக்குள் வைத்து, கிருமி நீக்கிய பாலை ஊட்டிச் சில நாட்கள் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் எலிகள் அந்த வழியில் வந்தவை.

ஆனால் அந்த எலியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை, சாதாரண எலிக்கு இருப்பதைவிடப் பல மடங்கு வீங்கியிருக்கும். குடல் பாக்டீரியாக்கள் ஆக்கித் தரவேண்டிய வைட்டமின் கே-யை உணவில் தனியே சேர்த்தாக வேண்டும். நார்ப்பொருளை நொதிக்கவைத்து அதிலிருந்து சத்தைப் பிரித்துத் தர ஆளில்லாததால், அதே எடையில் இருப்பதற்கே அது கூடுதலாகத் தின்ன வேண்டியிருக்கிறது. இத்தனையையும் மீறி அது வாழ்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் போடும் தீவனம் எங்கே விளைந்தது? பெட்டிக்கு வெளியே, நுண்ணுயிர்கள் நிறைந்த மண்ணில். ஆகவே ஒரு விலங்கு நுண்ணுயிரின்றி வாழ முடியும் என்பதைத்தான் அந்தப் பெட்டி நிரூபிக்கிறதே தவிர, உலகம் அப்படி வாழ முடியும் என்பதை அல்ல.

தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுத்துக்கொள்வோம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்றாலும், அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடப்பதால் எந்தத் தாவரமும் எந்த விலங்கும் அதைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டி, 1913இல் உரத் தொழிற்சாலைக்கு வந்த முறையில், அந்தக் கட்டை அவிழ்ப்பதற்குச் சுமார் 500 பாகை செல்சியஸ் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தமும் தேவைப்பட்டன. அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் சாதாரண மண்ணின் வெப்பத்தில் ஓசையின்றிச் செய்கின்றன. அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றை, வெடுக்கென்று பிடுங்காமல், மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுத்து வேரை மெல்ல அலசிப் பாருங்கள்; பிடுங்கினால் நாம் பார்க்க வேண்டியது அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால், நன்றாக வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருள் ஒன்று அங்கே இருக்கிறது. நைட்ரஜனைக் கட்டவிழ்க்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே அளந்து கொடுக்கும் வேலையை அந்தச் சிவப்புப் பொருள் பார்த்துக்கொள்கிறது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவை 1888இல் பெய்யரிங்க் பிரித்தெடுத்தார்.

உரத் தொழிற்சாலை இருக்கிறதே, பாக்டீரியா எதற்கு என்று நீங்கள் மேலும் கேட்கலாம். தொழிற்சாலை வயலுக்கு உரம் தரும். காட்டுக்கும் கடலுக்கும் யார் கொண்டுபோய்க் கொட்டுவது? இடிமின்னலும் கொஞ்சம் நைட்ரஜனைக் கட்டவிழ்த்துத் தருகிறது என்பது மெய்யே, ஆனால் அது போதாது.

அடுத்தது மட்குதல். நுண்ணுயிர் இல்லாவிட்டால் பிணங்கள் மலைபோல் குவியும் என்று வழக்கமாக எழுதுவார்கள். குவிவது பெரிய சிக்கல் அல்ல, குவியலுக்குள் மாட்டிக்கொள்ளும் பொருள்தான் சிக்கல். காற்றில் கார்பன் டை ஆக்சைடாக இருக்கும் கார்பன் ஏறத்தாழ 87,000 கோடி டன். நிலத்துத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனை உள்ளிழுத்து, அதில் பாதியைத் தம் சுவாசத்திலேயே திருப்பி விட்டுவிடுகின்றன. எஞ்சிய 6,000 கோடி டன்னில் பெரும்பகுதி இலையாகவும் கட்டையாகவும் வேராகவும் மாறி, பிறகு மண்ணில் விழுந்து, பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சிதைப்பதால்தான் காற்றுக்குத் திரும்புகிறது. அது திரும்பாது என்று வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், காற்றிலுள்ள கார்பன் பதினைந்து ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும் என்று கணக்கு வருகிறது. கடல் தன்னிடமுள்ளதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கும், தாவரங்களும் பட்டினியில் மெதுவாகும் என்பதால் இது முரட்டுக் கணக்குத்தான். ஆயினும் நாம் பேசிக்கொண்டிருப்பது யுகங்களை அல்ல, ஒரு தலைமுறைக் காலத்தை.

ஆக்சிஜன் விஷயத்தில் மட்டும் அவ்வளவு அவசரம் இல்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் அது சேரத் தொடங்கியது சயனோபாக்டீரியாக்களால்தான் என்றாலும், சேர்ந்திருக்கும் கையிருப்பு மிகப் பெரியது. உற்பத்தி நின்றாலும் தீர்ந்துபோகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். மூச்சுத்திணறிச் சாவோம் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

என் 'ஒருநாள்கூட' ஒரேயொரு பொருளில் மட்டும் சரியாகும், ஆனால் அது கொஞ்சம் வக்கீல் வாதம். நம் செல்களுக்குள் ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவும், இலையின் பச்சையமணிகளும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழிவந்தவை என்று லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டார். பல இதழ்கள் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரையின் மையக் கருத்து இன்று பாடநூலில் இருக்கிறது. அவற்றையும் நுண்ணுயிர்க் கணக்கில் சேர்த்தால் நீங்கள் சொல்லும் எலி சில நிமிடங்கள்கூடத் தாங்காது. அப்படிச் சேர்ப்பது நியாயமில்லை என்பதால் அந்த வாதத்தை நானே விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நோய் தருபவற்றில் சிலவற்றை ஒழிக்கலாம், ஒழித்தும் இருக்கிறோம். பெரியம்மை ஒழிந்ததாக 1980இலும், மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் ஒழிந்ததாக 2011இலும் அறிவித்தார்கள். இரண்டுமே வைரஸ்கள், இரண்டுக்காகவும் வருந்துவோர் யாருமில்லை. 2001இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, மனிதருக்கு நோய் தரக்கூடியவை என 538 பாக்டீரியா இனங்களைப் பட்டியலிட்டது. பூமியில் உள்ள பாக்டீரியா இனங்களுக்கு முன் அது ஒரு கைப்பிடி. ஆனால் அந்தக் கைப்பிடியிலும் எல்லாமே பெரியம்மை வைரஸைப் போல மனிதரை மட்டும் நம்பி வாழ்பவை அல்ல. டெட்டனஸ் பாக்டீரியாவின் வீடு மண்ணும் விலங்குகளின் குடலும்தான்; மண் பட்ட காயத்தின் வழியாக உள்ளே வந்து நஞ்சைக் கக்கும்போதுதான் அது நமக்கு எதிரியாகிறது. அதை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்க வழியில்லை. அதற்கான தடுப்பூசியும் அந்தப் பாக்டீரியாவை ஒன்றும் செய்வதில்லை. அது கக்கும் நஞ்சைச் செயலிழக்கச் செய்ய உடலைப் பழக்குகிறது, அவ்வளவே.

கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன்.