கைப்பிடி அரிசியும் கலப்புக் கருப்பட்டியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். திசையன்விளை பக்கம் மாமனாருடைய கருப்பட்டி வியாபாரத்தை ஆறு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். சீசனில் விடிலியிலிருந்து, அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையிலிருந்து, வாங்குவது நல்ல கருப்பட்டி. மற்ற மாதங்களில் சீனி கலந்து ஊற்றினதுதான் போகிறது. இரண்டுக்கும் ஒரே அட்டைப்பெட்டி, மேலே 'சுத்தமான பனங்கருப்பட்டி' என்று போட்டிருக்கும். எல்லாரும் செய்கிறதுதானே என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் சண்டே ஸ்கூலில், அநியாயமாக வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவன் சகேயுவின் பாடம் எடுத்தேன். ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, "சார், யார் யாரை ஏமாத்துனோம்னு சகேயுவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. எனக்கு வாயடைத்துவிட்டது. அன்றிலிருந்து தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றுக்கு, மேலும் காணிக்கை கொடுக்கிறேன். சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு எப்போதுமே கலப்பில்லாததைத்தான் பார்த்து அனுப்புவேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. சண்டே ஸ்கூல் பொறுப்பை விட்டுவிடட்டுமா?

பெயர் வேண்டாம் என்று நினைக்கும் ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பொறுப்பை விட வேண்டாம். இப்போதைக்கு அதை யோசிக்கவே வேண்டாம். காணிக்கையைக் கூட்டினது, ஏலத்துக்கு நல்ல சரக்கு அனுப்பினது, சண்டே ஸ்கூலை விட நினைப்பது, இந்த மூன்றும் கோயில் காம்பவுண்டுக்குள் நடக்கிற காரியம். தப்பு நடப்பது உங்கள் குடோனில்.

ஏலத்துக்கு அனுப்பின கருப்பட்டி சங்கதி என்னை ரொம்ப உறுத்தியது. 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது, நம்முடைய காசு, நம்முடைய ஆட்கள் என்றுதான் தொடங்கினார்கள். அந்த மாதிரி ஊழியங்களைத் தாங்கினதில் நம் பெண்களுடைய கைப்பிடி அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் ஆச்சி அடுப்படி மூலையில் அதற்கென்று ஒரு சின்ன மண்கலயம் வைத்திருந்தாள். உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். வீட்டில் ரேஷன் அரிசி பொங்கின ஒரு கஷ்டகாலத்தில் என் அம்மா, கர்த்தருக்குக் கொடுக்கிறதாவது நல்லதாக இருக்கட்டும் என்று கடையில் ஒரு கிலோ நல்ல அரிசி தனியாக வாங்கிவந்தாள். ஆச்சி விடவில்லை. "ஏட்டி, நாம பொங்குறதுல இருந்துதான் அவருக்கும். அவருக்குன்னு தனியா ஒண்ணு வச்சா பானை ரெண்டாயிரும்" என்றாள். அந்த நல்ல அரிசியும் எங்கள் உலைக்கே வந்தது.

உங்கள் குடோனில் பானை இரண்டாகிவிட்டது, தம்பி. ஆண்டவருக்கு ஒன்று, காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஒன்று.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் சகேயு இரண்டு கணக்கு சொல்கிறான். ஆஸ்திகளில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாக வாங்கினது நாலத்தனையாக, யாரிடம் வாங்கினானோ அவனுக்கே. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கழித்துக்கொள்ளவில்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரமும் அப்படித்தான்: பாவத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்கு அநியாயம் செய்தானோ அவனிடம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள ஆளே இல்லாத பட்சத்தில்தான் அது கர்த்தருக்குப் போய் ஆசாரியனைச் சேரும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். கொடுக்க வேண்டிய ஆள் கண்ணெதிரே நிற்க, காணிக்கைப் பையைத் தேடுகிறோம்.

சகேயு வரி வசூலித்தவன், யாரிடம் எவ்வளவு என்று கணக்கு இருந்திருக்கும். உங்களிடமும் பில் புத்தகம் இருக்கிறதே. மொத்தமாக எடுக்கிற கடைக்காரர்களுக்கு முதலில் போன் செய்யுங்கள். இன்ன இன்ன மாதம் அனுப்பினது கலப்பு, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். ஒருவர் ஏசுவார், ஒருவர் "எனக்குத் தெரியும்லா" என்பார். சில்லறையாக வாங்கிப் போனவர்களை இனித் தேடிப்பிடிக்க முடியாது. அந்தக் கணக்குக்குத்தான் ஏழைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது அட்டைப்பெட்டி. சீனி கலந்ததை விற்றே ஆகவேண்டும் என்றால் 'சீனி சேர்த்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டு, விலையைக் குறைத்து, வேறு பெட்டியில் விற்கலாம். 'சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்' என்று சிலர் போடுகிறார்கள். உங்கள் பெட்டியில் அப்படி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சுத்தமான கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், அந்த வரியை நம்பி ஒரு வயசாளி தினமும் இரண்டு வேளை கருப்பட்டிக் காப்பி குடிப்பார்.

நல்ல கருப்பட்டி எப்படி வருகிறதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு தடவின கலயம், காலையும் மாலையும் பாளை சீவ ஏறி இறங்குகிற கால், பதநீர் பொங்கி வழியாமல் இருக்க நுணுக்கிப் போடுகிற ஆமணக்கு, கூப்பனியை, அதாவது காய்ச்சின பாகை, தண்ணீரில் விட்டு உருண்டு வருகிறதா என்று பார்க்கிற விரல். இத்தனைக்குப் பிறகும் அது மங்கலாகத்தான் இருக்கும், ஐப்பசி மழைக்குக் கசியும். சீனிக் கருப்பட்டி உடைத்தால் மினுங்கும், மழைக்கும் அசையாது. இன்று கசிகிற கருப்பட்டியைப் பார்த்து, கெட்டுப்போனதைத் தந்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். விலையில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்லதைக் கெட்டதென்று ஜனங்கள் நினைக்கும்படி ஆக்கினதை எப்படித் திருப்புவது? கடையில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியதுதான். அதற்கு வருஷக்கணக்காகும்.

நஷ்டம் வரும். கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் அப்படி வியாபாரம் பேசினதாகச் சகேயு கதையில் இல்லை. அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றுதான் சொன்னார். குடோனில் வேலை செய்கிறவர்களின் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள், அவர்கள் நீங்கள் சொன்னதைச் செய்தவர்கள். மாமனாரிடம் முதலில் பேசுங்கள். "நீங்க செய்தது தப்பு" என்று ஆரம்பிக்காமல், "மாமா, நான் ஆறு வருஷமா இப்படிச் செய்துட்டேன்" என்று ஆரம்பியுங்கள். உண்மையும் அதுதானே.

அந்தப் பிள்ளைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு சொல்லிவிடுங்கள், சகேயுவிடம் கணக்குப் புத்தகம் இருந்திருக்கும் என்று. உங்களிடமும் ஒன்று இருப்பதைச் சொல்கிறதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம், சொன்னால் நல்லது.

கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்துக்கு எங்கள் வீட்டுக்கு ஐந்து கிலோ கருப்பட்டி வேண்டும், விலைக்குத்தான். கசிந்திருந்தாலும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி