கூப்பிட்டால்தானே போவார்கள்!

கேள்வி: ஆண் பேராசிரியர்கள் கம்பெனிகளுக்கு ஆலோசகராகப் போகிறார்கள், காப்புரிமை வாங்குகிறார்கள், சொந்தக் கம்பெனியும் தொடங்குகிறார்கள். பெண் பேராசிரியர்கள் வகுப்பறை, ஆய்வகத்தோடு நின்றுவிடுகிறார்களே, ஆர்வம் இல்லை என்பதுதானே காரணம்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: இல்லவே இல்லை. ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டாம் பாருங்கள், அதனால்தான் அந்தக் காரணம் இத்தனை காலம் ஓடுகிறது.

அமெரிக்காவில் உயிர் அறிவியல் பேராசிரியர்கள் 4,227 பேரின் முப்பது வருட விவரங்களைத் திரட்டி வேவர்லி டிங், ஃபியோனா மர்ரே, டோபி ஸ்டூவர்ட் மூவரும் 2006-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆண்களில் 13 சதவீதம் பேரிடம் காப்புரிமை இருந்தது, பெண்களில் 5.65 சதவீதம் பேரிடம்தான். பெண்களின் ஆராய்ச்சி தரம் குறைந்தது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. பேராசிரியர்களிடம் நேரில் பேசியபோது தெரிந்தது, மூத்த பெண்கள் பலருக்குக் கம்பெனிகளில் ஆள் தெரியாது என்பதுதான். இந்த உலகமே அறிமுகத்தில் ஓடுகிறது. முதலீட்டாளர் தனக்குத் தெரிந்த பேராசிரியருக்குப் போன் செய்வார், அவர் தன் நண்பரைக் கைகாட்டுவார், அந்த நண்பர் ஆலோசனைக் குழுவில் உட்காருவார், அடுத்த கம்பெனிக்கும் அவரையே கூப்பிடுவார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆய்வக இடம் குறைவு என்று 1990-களில் டேப் வைத்து அளந்தே காட்டியவர் அங்கே உயிரியல் பேராசிரியராக இருந்த நான்சி ஹாப்கின்ஸ். பின்னாளில் அவரும் அங்குள்ள பேராசிரியர் சங்கீதா பாட்டியாவும் முன்னாள் தலைவர் சூசன் ஹாக்ஃபீல்டும் சேர்ந்து இன்னொரு கணக்குப் போட்டார்கள். அறிவியல், பொறியியலில் ஏழு துறைகளின் பேராசிரியர்களில் 22 சதவீதம் பெண்கள், ஆனால் அங்கிருந்து கிளம்பிய சுமார் 250 பயோடெக் கம்பெனிகளைத் தொடங்கியவர்களில் பெண்கள் 10 சதவீதம்கூட இல்லை. ஆண்கள் அளவுக்குப் பெண்களும் தொடங்கியிருந்தால் இன்னும் 40 கம்பெனிகள் வந்திருக்கும். அவற்றிலிருந்து வந்திருக்கக்கூடிய மருந்துகள் நமக்கும்தானே நஷ்டம்?

அப்புறம், ஆர்வமில்லாதவர்கள் என்று சொல்லும்போது ஃபிரான்சஸ் அர்னால்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வேதியியல் நோபல் வாங்கியவர், அதற்குப் பல வருடம் முன்பே, 2005-லேயே, கெவோ என்ற உயிரி எரிபொருள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

நீங்கள் கல்லூரியில் பொறுப்பில் இருப்பவர் என்றால் ஒன்று செய்யுங்கள். கம்பெனிக்காரர்கள் வந்து "யாரைப் பார்க்கலாம் சார்?" என்று கேட்டபோது இதுவரை யார் யார் பெயரைச் சொன்னீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை பெண்கள் என்று எண்ணிவிட்டு, ஆர்வத்தைப் பற்றி மறுபடி கேளுங்கள்.