கொள்ளையும் கொல்லையும்

அன்புள்ள ஐயா,

ஆளில்லாத வீட்டில் கொள்ளைப்புறக் கதவை உடைத்து நகையை எடுத்துப் போன செய்தியைப் படித்தேன். தலைப்பில் 'கொள்ளை', உள்ளே 'திருட்டு'. இரண்டும் ஒன்றா? 'சூறையாடல்' எதில் சேரும்? இவ்வளவு கொடுமையான சொல்லை வைத்து 'கொள்ளை அழகு' என்று எப்படிப் பாராட்டுகிறோம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ஒன்றல்ல. நம் நாட்டுக் குற்றச் சட்டத்தில் திருட்டோடு அடிதடியோ மிரட்டலோ சேர்ந்தால்தான் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. ஆளே இல்லாத வீட்டில் யாரை மிரட்டுவது? எவ்வளவு போயிருந்தாலும் அது திருட்டுதான். தலைப்பு வைத்தவருக்கு 'திருட்டு' சப்பென்று இருந்திருக்கும்.

வழியில் மறித்துப் பிடுங்குவது வழிப்பறி. அதற்குப் பழைய சொல் ஆறலைத்தல். ஆறு என்றால் வழி, அலைத்தல் என்றால் வருத்துதல். சுந்தரரின் திருமுருகன்பூண்டிப் பதிகத்தில் இந்தச் சொல் வருகிறது. சேரமான் தந்த பொருளோடு வந்தவரை வேடர்கள் மறித்துக்கொண்ட கதை தெரிந்திருக்கும். பதிகத்தில் வேடர்கள் 'திடுகு மொட்டென'க் குத்திக் கூறையைப் பறிக்கிறார்கள். கூறை, உடுத்திய துணி. 'திடுகு மொட்டு'க்கு அகராதி வேண்டாம், காதில் விழுந்தாலே நெஞ்சு திக்கென்கிறது. சுந்தரரின் கோபம் கடைசியில் சிவன் பக்கம் திரும்புகிறது: இந்த மாதிரி இடத்தில் உமக்கு என்ன வேலை, எதற்கு இங்கே இருக்கிறீர்?

சூறை வேறு ரகம். சூறைக்காற்றில் இருப்பதும் இதே சூறைதான். காற்று எதையும் பார்த்துப் பொறுக்குவதில்லை. கொள்ளைக்காரன் நகையோடு போய்விடுவான். சூறையாட வந்த கூட்டம் நாற்காலியைக்கூட விடாது, தூக்க முடியாததை உடைத்துவிட்டுப் போகும். தனி ஆள் ஒருவன் 'சூறையாடினான்' என்று யாராவது எழுதினால் எனக்கு உறுத்தும்.

சரி, கொள்ளை அழகு. கொள்ளைக்கு வேர் 'கொள்'. அள்ளிக் கொள்வதும் கொள்ளை, அள்ள அள்ளக் குறையாமல் கிடப்பதும் கொள்ளை. கொள்ளை ஆசை, கொள்ளைப் பிரியம் எல்லாம் இந்த இரண்டாவது வகை. உயிர்களை வாரிக்கொண்டு போவது கொள்ளைநோய். அழகுக்கும் நோய்க்கும் ஒரே அடைமொழியைக் கொடுத்துவிட்டு நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

அப்புறம், அது கொள்ளைப்புறம் இல்லை, கொல்லைப்புறம். திருடன் அந்த வழியாகவே வந்திருந்தாலும் 'ல்'தான்.