ஃப்ரீரைடுக்கு எந்தத் தண்ணீர்ப் பை? கேள்விகளும் என் பதில்களும்

கனடாவின் வான்கூவருக்கு வடக்கே நார்த் ஷோர் மலைகளில் பன்னிரண்டு வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். செங்குத்துச் சரிவுகளில் குதித்துக் குதித்து இறங்குவதைத்தான் ஃப்ரீரைடு என்கிறோம். முதுகில் தண்ணீர் சுமந்து, குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கும் பைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, 2 லிட்டரா 3 லிட்டரா? பெரிதாகவே வாங்கிவிடலாமா?

விஸ்லர் மாதிரி, கம்பியில் தொங்கும் நாற்காலி லிஃப்டில் மலை ஏறி, பைக்கில் இறங்கும் இடமென்றால் ஒன்றரை லிட்டரே தாராளம். கீழே வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். தானே மிதித்து ஏறி நாள் முழுக்கக் காட்டுக்குள் கிடப்பவருக்கு 2 முதல் 3 வேண்டும். மணிக்கு அரை லிட்டர், நல்ல வெயிலில் அதற்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. ஒவ்வொரு டிராப்பிலும், அதாவது மேட்டிலிருந்து கீழே குதிக்கும்போதும், அந்த எடையும் உங்களோடு குதிக்கும். நீங்கள் தரையைத் தொட்ட பிறகுதான் அது வந்து முதுகில் இறங்கும்.

3 லிட்டர் பையில் 2 ஊற்றுவதில் தப்பில்லை. காற்று இருந்தால்தான் தளும்பும். மூடியதும் தலைகீழாகப் பிடித்துக் குழாயில் உறிஞ்சுங்கள், காற்று வந்துவிடும். அப்புறம் சத்தமே இருக்காது.

கேள்வி: என்னிடம் மலையேற்றப் பை இருக்கிறது. தண்ணீர்ப் பை வைக்க அதிலேயே இடம் உண்டு. போதாதா?

நடக்கப் போதும். அதன் உயரம்தான் சிக்கல். செங்குத்துச் சரிவில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, தலையை நிமிர்த்திப் பாதையைப் பார்ப்போம் இல்லையா? அப்போது முழுமுக ஹெல்மெட்டின் பின்விளிம்பு பையின் உச்சியில் இடிக்கும். ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும், அதுவும் கண் ரொம்பத் தேவைப்படும் இடத்தில்.

அதனால் கடைக்கு ஹெல்மெட்டோடு போங்கள். பைக்குள் இரண்டு கிலோ எதையாவது போட்டு மாட்டிக்கொண்டு, முழங்கால் மடக்கி, முழங்கை விரித்து, பின்புறத்தைப் பின்னால் தள்ளி, தலையை நிமிர்த்துங்கள். இடிக்கிறதா? அப்புறம் அதே இடத்தில் நாலு முறை குதியுங்கள், நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பை ஒரு பக்கம் நகர்ந்தாலோ தோளுக்கு மேல் எகிறினாலோ அங்கேயே வைத்துவிடுங்கள். இடுப்பு வார் அகலமாக இருக்க வேண்டும்; வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். எத்தனை லிட்டர், எத்தனை ஜிப் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கேள்வி: முதுகுக் காப்பு வைத்த பைகள் விலை எகிறுகிறதே. அவசியமா சார்?

ஃப்ரீரைடுக்கு அவசியம் என்பேன். ஜெர்மனியின் எவோக் நிறுவனத்தின் எஃப்ஆர் வரிசை, டாய்ட்டரின் அட்டாக் எல்லாம் இதற்காகவே வந்தவை. பையின் லேபிளில் இ.என். 1621-2 என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடுங்கள். 50 ஜூல் ஆற்றலில் எடையை விழவிட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை வருகிறது என்று அளக்கும் சோதனை அது. சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 9க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. இரண்டாவது கிடைத்தால் நல்லது. ஆனால் இது நேராக விழும் அடியைத்தான் வாங்கும். முதுகு முறுக்கிக்கொள்வதையோ, தலைகுப்புற விழும்போது கழுத்தில் இறங்கும் எடையையோ தடுக்காது. வாரைத் தளர்வாகக் கட்டினால் காப்பு ஒரு பக்கமும் முதுகு ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

என் கதையைக் கேளுங்கள். காப்பு இல்லாத பை, ஃப்ரோம் மலை, ஈரமான வேரில் முன்சக்கரம் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். பையின் நடுவில் நட்டுக்குத்தலாக வைத்திருந்த கைப்பம்பு சரியாக முதுகெலும்பின் மேல். தண்ணீர் இருந்தாலாவது மெத்தையாக இருந்திருக்கும், அதை அதற்குள் குடித்துத் தீர்த்திருந்தேன். மூன்று வாரம் ஒருக்களித்தே தூங்கினேன். பம்பின் கைப்பிடி எதுவரை என்று கன்றிப்போன தோலிலேயே தெரிந்தது. இப்போது பம்பு பைக்கின் சட்டத்தில் இருக்கிறது. ஸ்பேனர் பைக்குள் கீழே, ஓரமாக. முதுகை ஒட்டி மழைச் சட்டை மட்டும்.

கேள்வி: கோவையிலிருந்து கேட்கிறேன். முதல் மடக்கு வெந்நீராக வருகிறது!

வெயில் படுவது குழாயில் நிற்கும் தண்ணீரில்தான். குடித்து முடித்ததும் குழாயில் ஊதி, தண்ணீரைப் பைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். இங்கே பனிக்காலத்தில் குழாய் உறையாமலிருக்க நாங்கள் செய்வதும் அதேதான். கிளம்பும்போது ஐஸ் கட்டிகளையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைக்குள் கறுப்புப் புள்ளி, ஒரு வாடை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

உள்ளே என்ன ஊற்றினீர்கள்? குளுக்கோஸோ ஜூஸோ என்றால் பூஞ்சைக்கு விருந்து வைத்துவிட்டீர்கள். அதெல்லாம் பாட்டிலில் இருக்கட்டும், பையில் வெறும் தண்ணீர் மட்டும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா கலந்து, குழாய்க்குள்ளும் இறங்கும்படி ஊறவைத்து, பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு உள்ளே முட்டை அடிக்கும் கம்பியைச் செருகி, சுவர் ஒட்டாமல் விரித்துத் தொங்கவிடுங்கள். காயவைக்கப் பொறுமை இல்லாத என்னைப் போன்றவர்கள் காலிப் பையை ஃப்ரீசரில் போட்டுவிடலாம். குழாய்க்குள் படிந்த கறுப்பு மட்டும் போகாது. குழாயை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.

கேள்வி: இடுப்புப் பை?

மிதித்துப் போகும் பாதைகளுக்கு அருமை. பெரிய டிராப்பில் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடும். முதுகுக்குக் காப்பும் இல்லை.

கேள்வி: அண்ணா, எனக்கு எந்தப் பை போட்டாலும் நெஞ்சு வார் அழுத்துகிறது. பெண்களுக்குத் தனியாக உண்டா?

உண்டும்மா. ஆஸ்ப்ரே நிறுவனத்தின் ராப்டர் ஆண்களுக்கு, ரேவன் பெண்களுக்கு. நிறம் மட்டும் மாறியதில்லை, தோள் வாரின் வளைவே வேறு. எதுவானாலும் நெஞ்சு வாரை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: லிஃப்டில் பையை மாட்டிக்கொண்டே உட்காரலாமா?

கூடாது. கழற்றி மடியில் வையுங்கள். தொங்கும் வார் நாற்காலியில் மாட்டினால் இறங்க முடியாது.

கேள்வி: சும்மா ஒரு ஆர்வம்தான். குழாய் வைத்துக் குடிக்கும் யோசனை யாருடையது?

1989இல் டெக்சாஸில் நடந்த நூறு மைல் சைக்கிள் ஓட்டம் ஒன்றில் மைக்கேல் ஐட்சன் செய்தது. அவர் அவசர மருத்துவ ஊழியர். குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, நீளக் காலுறைக்குள் திணித்து, சட்டையின் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு அதுவே கேமல்பேக் ஆயிற்று. தோள்வழியாக வந்த குழாயை, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்திருந்தார். என் பையின் காந்தக் கிளிப் போன மாதம் உடைந்தது. இப்போது எனக்கும் கொடிக் கிளிப்தான்.