சிகரெட்டை விட்டு வேப்பிங்குக்கு மாறினால் விந்தணு பாதிப்பு தீருமா?

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், சிகரெட்டை விட்டு வேப்பிங்குக்கு (மின்-சிகரெட்டுக்கு) மாறினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில்.

முதலில் சிகரெட். விந்தணுவின் வெளிச்சவ்வு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பால் ஆனது. புகையிலுள்ள காட்மியம், ஈயம் போன்றவை அந்தச் சவ்வைச் சிதைக்கும். வால் அடிப்பது தளர்ந்து, விந்தணு முன்னோக்கி நீந்தத் திணறும். தலைக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையும் அறுபடலாம். முதிர்ந்த விந்தணுவால் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் கரு தங்காமல் போக இதுவும் ஒரு காரணமாகலாம். அப்புறம், ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் விறைப்புச் சிக்கலும் வரலாம்.

வேப்பிங்கில் தார், கார்பன் மோனாக்சைடு கிடையாது. அது உண்மைதான். ஆனால் நிகோடின் பெரும்பாலும் இருக்கிறது, கருவியின் சூடான சுருளிலிருந்து உலோகத் துகள்களும் வருகின்றன. 2020இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், தினமும் வேப் செய்த இளைஞர்களுக்கு மொத்த விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. அது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் இந்த நேரத்தில் வேப்பிங்கை நம்பி இறங்க வேண்டாம் என்பேன்.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாள். அதனால் இரண்டையும் நிறுத்தி 3 மாதம் கழித்து விந்து பரிசோதனை செய்யுங்கள். மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது உலக சுகாதார அமைப்பின் கீழ் எல்லை. மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் காத்திருக்காமல் இப்போதே இருவரும் மருத்துவரைப் பாருங்கள்.