ஒரே பிளானில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஃபர்னிச்சர்: ஆட்டோகேடில் லேயர் செட்டிங்கை எப்படிச் சேமிப்பது?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு பிரிண்டுக்கும் லேயர்களை, அதாவது வரைபடத்தின் தனித்தனி அடுக்குகளை, ஆன், ஆஃப் செய்து அலுத்துப்போய், பிளானை மூன்று ஃபைலாகக் காப்பி எடுத்து வைத்திருப்பதாகவும், அந்த செட்டிங்கைச் சேமிக்க வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் காப்பிகளை விட்டுவிடுங்கள். 9 அங்குலச் சுவர் நாலரை அங்குலமாக மாறினால் மூன்றிலும் திருத்த வேண்டும். ஒன்றில் நிச்சயம் விட்டுப்போகும்.

இதற்கென்றே லேயர் ஸ்டேட் இருக்கிறது; லேயர்களின் அப்போதைய நிலையை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் வசதி அது. தேவையில்லாத லேயர்களை ஃப்ரீஸ் செய்து (திரையிலும் பிரிண்டிலும் வராமல் மறைத்து) விட்டு, கமாண்ட் லைனில் எல்ஏஎஸ் (LAS) என்று அடித்து, திறக்கும் பெட்டியில் நியூ கொடுத்து ‘எலக்ட்ரிக்கல்’ என்று பெயர் வையுங்கள். அப்புறம் எப்போது ரீஸ்டோர் செய்தாலும் ஆன்-ஆஃப், ஃப்ரீஸ், லாக், கலர், லைன்டைப் எல்லாம் அப்படியே திரும்பி வரும்.

ஆனால் சேமித்த பிறகு போடும் புது லேயரைப் பற்றி ஸ்டேட்டுக்கு எதுவும் தெரியாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு வீட்டு வேலையில் ஸ்டேட்டுகளைச் சேமித்து முடித்த பின், ஏசி தண்ணீர் வெளியேறும் பைப்புக்குத் தனி லேயர் போட்டேன். வழக்கம்போல ரீஸ்டோர் செய்து எலக்ட்ரிக்கல் பிரிண்ட் கொடுத்தேன். அந்தக் கோடும் சேர்ந்தே வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் அதை ஒயரிங் பைப் என்று எடுத்துக்கொண்டு படுக்கையறைச் சுவர் முழுக்கக் காடி வெட்டிவிட்டார். பூசிய சுவர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, தாளில் இருந்ததைத்தான் செய்தார்.

அதனால் ரீஸ்டோர் செய்யுமுன் அந்தப் பெட்டியின் கீழ் மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தி, ஸ்டேட்டில் இல்லாத லேயர்களை ஆஃப் செய்யும் கட்டத்தில் டிக் போடுங்கள். புது லேயர் போட்ட அன்றே ஸ்டேட்டுகளையும் புதுப்பித்துவிடுங்கள். இதில் வரிசை முக்கியம்: முதலில் ரீஸ்டோர், பிறகு புது லேயரை ஃப்ரீஸ், கடைசியில் அதே பெயரில் அப்டேட், சில பதிப்புகளில் அது சேவ். ரீஸ்டோர் செய்யாமல் அப்டேட் கொடுத்தால், திரையில் அப்போது இருக்கும் நிலைமை பழையதை அழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அடுத்த வேலைக்கும் இதே லேயர் பெயர்கள்தான் என்றால் ஸ்டேட்டுகளை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், புது டிராயிங்கில் இம்போர்ட் செய்துகொள்ளலாம். அங்கே இல்லாத லேயர்களை அதுவே உருவாக்கிவிடும்.